மங்குஸ்தான் தோலும் மதராஸ் எலிகளும்

இன்னைக்கு எபிசோடு ஒரு பழத்தோட தோலைப் பத்தி. சுளையைப் பத்தி இல்ல, நாம உடைச்சுத் தூக்கிப் போடுற தோலைப் பத்தி. அந்தத் தோலில் இருக்கும் ஒரு மஞ்சள் நிறப் பொருள் வீக்கத்தைக் குறைக்குது, வயித்துப்புண்ணுக்கும் எதிரா வேலை செய்யுதுன்னு 1979-ல மதராஸைச் சேர்ந்த மூணு பேர் எழுதினாங்க. அந்தச் செய்தி அடுத்த 30 வருஷத்துல எங்கெல்லாம் போச்சு, போற வழியில எதையெல்லாம் தொலைச்சுதுங்கறதுதான் கதை.

நான் பேசறது குரோம்பேட்டையில இருந்து. அதனால முதல்ல இந்த ஊரோட பேர்ல இருந்தே தொடங்கிடலாம். ஏன்னா இந்தப் பேருக்குள்ளேயே செடிச்சாறு சம்பந்தப்பட்ட ஒரு கதை இருக்கு.

ஊர்ப்பேரும் துவர்ப்பும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் இந்தப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலை நடத்தினார். பேரு குரோம் லெதர் கம்பெனி. அந்த 'குரோம்'தான் குரோம்பேட்டை ஆச்சு.

அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல தோல் பதனிட என்ன பயன்படுத்தினாங்க? ஆவாரம்பட்டை, கடுக்காய். பட்டையை இடிச்சுத் தண்ணியில ஊறப்போட்டு, அந்தச் சாற்றில் தோலை வாரக்கணக்கில் போட்டு வைப்பாங்க. குரோமியம் உப்பு வந்ததும் அதே வேலை சில நாள்ல முடிஞ்சுது. பட்டைச்சாறு ஒரேயடியாக மறைஞ்சு போகல. ஆனா அது செஞ்ச வேலையில பெரும்பகுதியை ஒரு உலோக உப்பு எடுத்துக்கிச்சு.

பட்டையில என்ன இருக்கு? டானின். நாவற்பழம் சாப்பிட்டா, பாக்கு மென்னா, நாக்கு இழுத்துப் பிடிக்குதே, அந்தத் துவர்ப்புதான் அது. எச்சிலில் இருக்கும் புரதத்தோட டானின் ஒட்டிக்கிட்டு இறுக்குது. அதனாலதான் வாய் வறண்ட மாதிரி ஆகுது. மாட்டுத்தோலில் இருக்கற புரதத்தையும் இதே மாதிரிதான் பிடிச்சு இறுக்குது. அப்புறம் அந்தத் தோல் அழுகாது.

இதை நம்ம வைத்தியர்கள் ரசாயனம் தெரியாமலே கவனிச்சிருக்காங்க. துவர்ப்பான பொருள் புண்ணை இறுக்கும், வயித்துப்போக்கை நிறுத்தும்னு ஒரு அனுபவ அறிவு சித்த மருத்துவத்துல இருக்கு, ஆயுர்வேதத்துல இருக்கு, தென்கிழக்கு ஆசியா முழுக்க நாட்டு வைத்தியத்துலயும் இருக்கு. கடுக்காயையே பாருங்க. தோல் பட்டறையிலும் இருக்கும், நாட்டு மருந்துக்கடையிலும் இருக்கும்.

மங்குஸ்தான் பழத்தோலும் அப்படித்தான். சீனாவில் அதைத் தோல் பதனிடப் பயன்படுத்தியிருக்காங்க. மலாய் நாடு, சயாம், ஜாவா பக்கமெல்லாம் காயவெச்ச தோலைக் கொதிக்கவெச்சு சீதபேதிக்குக் கொடுத்திருக்காங்க, புண்ணைக் கழுவியிருக்காங்க.

இதை இப்ப எடுத்துப் பேசக் காரணம் ஒரு கேள்வி. ராதா நகர்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. அவங்க அம்மாவுக்கு முட்டி வலி. மருந்துக்கடையில அவங்களே வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கறாங்க. கொஞ்ச நாளா நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் வயித்துல குத்தல். சொந்தக்காரர் ஒருத்தர் மங்குஸ்தான் ஜூஸ் பாட்டில் கொண்டுவந்து, 'இது முட்டி வீக்கத்துக்கும் கேக்கும், அல்சருக்கும் கேக்கும், ஆராய்ச்சியே இருக்கு'ன்னு சொல்லியிருக்கார். 'அண்ணா, நிஜமாவே ஆராய்ச்சி இருக்கா?'ன்னு கேட்டிருந்தாங்க.

இருக்கு தங்கச்சி. அதைத்தான் இப்ப முழுசாப் படிக்கப் போறோம்.

குற்றாலத்துப் பழம், ஜெர்மன் ரசாயனம்

சென்னைக்காரங்க மங்குஸ்தானை சூப்பர் மார்க்கெட்ல பார்த்திருப்பீங்க. குற்றாலம் சீசனுக்குப் போனவங்களுக்கு நல்லாவே தெரியும். அருவியில குளிச்சிட்டு வரும்போது கடைகள்ல கூடை கூடையா இருக்கும். மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாறு, பர்லியாறு பண்ணைகள்லயும் இந்த மரம் இருக்கு.

இது நம்ம மண்ணோட மரம் இல்ல. பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. 'மங்குஸ்தான்'ங்கிற பேரே மலாய் மொழியில இருந்து வந்தது. அறிவியல் பேர் கார்சினியா மங்கோஸ்டானா. லின்னேயஸ் 1753-ல, லாரன்ட் கார்சின் என்ற தாவரவியலாளர் நினைவா வெச்ச பேர். பழத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, பூ மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். அதுல எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. நம்பலைன்னா அடுத்த தடவை வாங்கும்போது எண்ணிப் பாருங்க.

வெளித்தோல் கருஞ்சிவப்பு. வெட்டினா மஞ்சளா ஒரு பால் கசியும், துணியில பட்டா போகாது. 1855-ல ஷ்மிட் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்தத் தோலில் இருந்து ஒரு மஞ்சள் படிகத்தைத் தனியாகப் பிரிச்சு எடுத்தார். அதுக்கு மாங்கோஸ்டின்னு பேர். அதோட மூலக்கூறு அமைப்பு முழுசா தெளிவாக இன்னும் 100 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1958-ல யேட்ஸ், ஸ்டௌட்ங்கிற ரெண்டு பேர் அதை எழுதினாங்க. சாந்தோன்னு ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பொருள் அது. கிரேக்கத்துல 'சாந்தோஸ்'னா மஞ்சள்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பாட்டி வைத்தியத்துல இருந்தது பழத்தோல் கஷாயம். ஆய்வுக்கூடத்துக்கு வந்தது அந்தத் தோலில் இருக்கும் பல பொருள்கள்ல ஒண்ணு. துவர்ப்புக்குக் காரணம் டானின், மஞ்சளுக்குக் காரணம் மாங்கோஸ்டின். ரெண்டும் வேற வேற. கஷாயத்தில் வேலை செஞ்சது எதுங்கிற கேள்வி அப்பவே தொடங்கிடுச்சு.

1979, மதராஸ்

இப்ப அந்த ஆராய்ச்சிக்கு வருவோம். டி. சங்கரநாராயண், சி. கோபாலகிருஷ்ணன், எல். காமேஸ்வரன். மூணு பேரும் மதராஸ்ல மருந்தியல் ஆராய்ச்சி செஞ்சவங்க. மாங்கோஸ்டினையும், அதிலிருந்து செஞ்ச ஆறு சேர்மங்களையும் எடுத்து, உடம்புல என்னென்ன செய்யுதுன்னு வரிசையாப் பார்த்தாங்க. கட்டுரை 1979-ல பெல்ஜியத்துல இருந்து வந்த ஒரு மருந்தியல் இதழ்ல வெளியாச்சு.

இந்த ஆய்வு ஏன் முக்கியம்னு புரியணும்னா, அந்தக் காலத்துல வலி மாத்திரையில இருந்த பெரிய சிக்கலைத் தெரிஞ்சுக்கணும். ஆஸ்பிரின் மாதிரி மருந்துகள் எப்படி வேலை செய்யுதுன்னு 1971-லதான் ஜான் வேன் காட்டினார். அதுக்கு 1982-ல நோபல் பரிசும் வாங்கினார். உடம்புல புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு வகைப் பொருள் இருக்கு. அடிபட்ட இடத்துல வீக்கம், வலி வர்றதுல அதுக்குப் பங்கு உண்டு. அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பைச் சுவரைச் சொந்த அமிலத்துல இருந்து காப்பாத்துது. ஆஸ்பிரின் அதன் உற்பத்தியைத் தடுக்குது. முட்டி வீக்கம் குறையும், வயித்துக்குக் காவல் போயிடும்.

அதனால வீக்கத்தைக் குறைக்கிற பொருள் ஒண்ணு, வயித்தைப் புண்ணாக்காம, புண்ணுக்கு எதிராகவும் வேலை செஞ்சா? மருந்து தேடுறவங்களுக்கு அது கனவு மாதிரி. ராதா நகர் அம்மாவோட பிரச்சினையும் இதேதான்.

சோதனை எப்படிப் பண்ணாங்க? எலியோட பின்னங்காலில் காரஜீனன்னு ஒரு பொருளை ஊசி போடுவாங்க. அது கடற்பாசியில இருந்து எடுக்கறது, ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கக்கூடச் சேர்ப்பாங்க. ஊசி போட்ட சில மணி நேரத்துல கால் வீங்கும். மருந்து கொடுத்த எலிக்கு எவ்வளவு வீக்கம், கொடுக்காத எலிக்கு எவ்வளவுன்னு அளந்து பார்ப்பாங்க. இன்னொரு முறை, தோலுக்கடியில சின்னப் பஞ்சு உருண்டையை வெச்சு, அதைச் சுத்தி எவ்வளவு திசு வளருதுன்னு பாக்கறது. அது நாள்பட்ட அழற்சிக்கான சோதனை.

மாங்கோஸ்டினும் இன்னும் ரெண்டு சேர்மங்களும் இந்தச் சோதனைகள்ல வீக்கத்தை நல்லாவே குறைச்சுது. வாய் வழியாக் கொடுத்தப்பவும் குறைச்சுது. அடுத்து அவங்க செஞ்சது அழகான ஒரு சோதனை. நம்ம சிறுநீரகத்துக்கு மேல இருக்கற அட்ரீனல் சுரப்பி, ஸ்டீராய்டு வகை ஹார்மோன்களைச் சுரக்கும். அதுவே வீக்கத்தைக் குறைக்கும். ஒருவேளை மாங்கோஸ்டின் நேரடியா எதுவும் செய்யாம, அந்தச் சுரப்பியைத் தூண்டி மட்டும் விடுதோ? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, சுரப்பியை எடுத்துட்ட எலிகள்கிட்டயும் சோதிச்சாங்க. அப்பவும் வீக்கம் குறைஞ்சுது. அப்ப வேலை செய்யறது அந்தப் பொருள்தான்.

ஜூஸ் பாட்டில் விக்கறவர் இதுவரைக்கும்தான் சொல்லுவார். ஆனா கட்டுரை இங்க முடியல. அந்தச் சேர்மங்கள் எதுவும் வலியைக் குறைக்கல, காய்ச்சலையும் குறைக்கல. ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் எலிகளை மந்தமாக்குச்சு. கண் இமை தொங்குச்சு, நடமாட்டம் குறைஞ்சுது, தூக்க மருந்தோட விளைவு கூடுச்சு. ஒரு சேர்மம் ரத்த அழுத்தத்தை ஏத்துச்சு. அல்சருக்கு எதிரா வேலை செஞ்சது மாங்கோஸ்டின் மட்டும்தான். அது எலிகள்ல.

எனக்கு இந்தக் கட்டுரைமேல மரியாதை வந்தது இந்த இடத்துலதான். நல்ல செய்தியையும் சாதகமில்லாத செய்தியையும் ஒரே மூச்சுல எழுதி வெச்சிருக்காங்க. மனுஷங்களுக்குக் கொடுக்கலாம்னு சொல்லல. ஜூஸைப் பத்தின பேச்சே இல்ல.

அல்சர்னா என்னன்னு நினைச்சோம்

இப்ப இன்னொரு கேள்வி. 'அல்சருக்கு எதிராக'ன்னா, எந்த அல்சர்?

நம்ம தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. சித்த மருத்துவம் குன்மம்னு ஒரு நோயைச் சொல்லி, அதை எட்டு வகையாப் பிரிக்குது. நவீன மருத்துவத்துலயும் தென்னிந்தியா குடல்புண்ணுக்குப் பேர் போன இடம். நெய்யூர் தெரியுமா? இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டம், அன்னைக்குத் திருவிதாங்கூர். அங்க இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில ஹோவர்ட் சோமர்வெல்னு ஒரு அறுவை மருத்துவர் வேலை பார்த்தார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்கள்ல போன அதே சோமர்வெல். நெய்யூர்ல அவர் பார்த்த குடல்புண் நோயாளிகள் அவ்வளவு பேர். ஓர் என்ற மருத்துவரோட சேர்ந்து 1936-ல பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழ்ல அதைப் பத்தி விரிவாகவே எழுதினார்.

அப்ப தீர்வு கத்திதான். இரைப்பையைச் சிறுகுடலோட வேறொரு இடத்துல இணைச்சுத் தைக்கற ஆபரேஷன். காரணம் என்னன்னு தெரியாம அரிசியா, மரவள்ளியா, காரமா, கவலையான்னு பல பத்தாண்டுகள் விவாதம் நடந்துச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்: அமிலம் இல்லாம அல்சர் இல்ல. 1976-ல சிமெடிடின்னு அமிலத்தைக் குறைக்கற மாத்திரை வந்தப்ப உலகமே கொண்டாடினது அதனாலதான்.

இந்தப் பின்னணியிலதான் 1979 வருது. மதராஸ் கட்டுரை வெளியான அதே வருஷம், ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல ராபின் வாரன்னு ஒரு நோயியல் மருத்துவர், இரைப்பையில இருந்து எடுத்த சின்னத் திசுத் துண்டை மைக்ராஸ்கோப்ல பார்த்துக்கிட்டு இருந்தார். அதுல வளைஞ்சு வளைஞ்சு ஏதோ பாக்டீரியா. இரைப்பை அமிலத்துல எதுவும் உயிரோட இருக்காதுன்னு பாடப்புத்தகம் சொல்லுது, ஆனா இது இருக்கு. 1981-ல பாரி மார்ஷல்னு ஒரு இளம் டாக்டர் அவரோட சேர்ந்தார். 1982-ல அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினாங்க. யாரும் நம்பல. 1984-ல மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சார். சில நாள்ல வாந்தி, இரைப்பை அழற்சி. அந்தக் கிருமிக்கு இப்ப ஹெலிகோபாக்டர் பைலோரின்னு பேர்.

பெரும்பாலான குடல்புண்ணுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் ரெண்டு காரணம்தான்னு இன்னைக்குத் தெரியும். ஒண்ணு இந்தக் கிருமி. இன்னொண்ணு ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள். இந்தியாவுல பெரியவங்கள்ல பாதிக்கும் மேலானவங்க வயித்துல இந்தக் கிருமி இருக்கு. எல்லாருக்கும் புண் வராது, சிலருக்கு வரும். 1994-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகள்ல முதல் வகையில சேர்த்துச்சு.

இப்ப எலிக்கு வருவோம். ஆய்வுக்கூட எலிக்கு வர்ற அல்சர் தானா வர்றது இல்ல. இரைப்பையோட வாசலைக் கட்டி வெச்சோ, மருந்து கொடுத்தோ, குளிர்ல வெச்சு அழுத்தம் கொடுத்தோ மனுஷங்க உண்டாக்கறது. அதைத் தடுக்கற ஒரு பொருள், கிருமியால வந்த புண்ணை ஆத்தும்னு சொல்ல முடியாது. 1979-ல இது யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. இன்னைக்கு நமக்குத் தெரியும்.

நம்ம ஏரியாவுக்கு ஒரு சின்னத் தகவல். குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். அங்க ஜி.எஸ்.டி. ரோட்டு மேல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கில்லையா? அதைப் பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணிச்சது 2005 செப்டம்பர் 3. சரியா ஒரு மாசம் கழிச்சு, அக்டோபர் 3-ஆம் தேதி, வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு அறிவிச்சாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்ல. ஆனா குன்மத்துக்கு மருந்து தேடி சானடோரியத்துல வரிசையில நிக்கறவங்களுக்கு ரெண்டுமே முக்கியம்.

முழு தூரமும் நடந்த ஒரு வேர்

'அப்ப செடி மருந்தே வேலைக்காகாதுன்னு சொல்றியா?'ன்னு கேப்பீங்க. இல்ல. அதுக்கு அதிமதுரம் சாட்சி.

அதிமதுரம் எல்லா நாட்டு மருந்துக்கடையிலும் கிடைக்கும். தொண்டை கட்டினா ஒரு துண்டு வாயில போட்டுக்குவோம். 1946-ல ரெவர்ஸ்னு ஒரு நெதர்லாந்து டாக்டர், உள்ளூர் மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் கொடுக்கற அதிமதுரச் சாற்றுப் பசையால இரைப்பைப்புண் நோயாளிகளுக்குக் குணமாகுதுன்னு கவனிச்சு எழுதினார். அதோட நிறுத்தல. சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு முகம், கை, கால்ல நீர் கோத்து வீங்குதுன்னும் சேர்த்தே எழுதினார்.

அடுத்து பிரிட்டன்ல அதிமதுரத்துல இருந்து கார்பினாக்சலோன்னு ஒரு மருந்து செஞ்சாங்க. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டின ரிச்சர்ட் டால் குழுவே 1962-ல அதை நோயாளிகள்கிட்ட சோதிச்சாங்க. ஒரு பிரிவுக்கு மருந்து, இன்னொரு பிரிவுக்குப் போலி மாத்திரை. இரைப்பைப்புண் ஆறுறதை அது வேகப்படுத்துச்சு. கூடவே சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறுச்சு, பொட்டாசியம் இறங்குச்சு. ஏன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க: நம்ம உடம்பு கார்டிசாலைச் சிறுநீரகத்துல செயலிழக்க வைக்கும் ஒரு நொதியை இது தடுக்குது. சிமெடிடின் வந்தப்புறம் கார்பினாக்சலோன் ஒதுங்கிடுச்சு.

பாருங்க, இந்த வேர் முழு தூரமும் நடந்திருக்கு. அனுபவம், நோயாளிகள், ஒப்பிட்டுச் சோதனை, பக்கவிளைவு, அதுக்கான காரணம். அதனாலதான் அதிமதுரம் எதுக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு இன்னைக்குத் தெளிவாச் சொல்ல முடியுது. பி.பி. இருக்கறவங்க தினமும் அதிமதுரக் கஷாயம் குடிக்கக் கூடாதுன்னு சொல்றது அல்லோபதிக்காரங்க பொறாமையில சொல்றது இல்ல. அந்த வேர் உடம்புக்குள்ள நிஜமாகவே வேலை செய்யுதுங்கறதுக்கு அது ஆதாரம்.

குறுக்குவழி

மங்குஸ்தானுக்கு அந்த நடை கிடைக்கல. குறுக்குவழி கிடைச்சுது.

2002-ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஸாங்கோன்னு ஒரு கம்பெனி தொடங்கினாங்க. பழத்தைத் தோலோட அரைச்சுச் செஞ்ச ஜூஸ். கடையில விக்கல, ஆள் சேர்த்து, அவங்க ஆள் சேர்த்து, சங்கிலி மாதிரி வித்தாங்க. அப்ப அமெரிக்காவுக்குள்ள வெளிநாட்டு மங்குஸ்தான் பழத்தைக் கொண்டுவரவே தடை இருந்துச்சு, பூச்சி வந்துடும்னு. தாய்லாந்துப் பழத்தைக் கதிர்வீச்சு பாய்ச்சி உள்ளே விட்டது 2007-லதான். ஜூஸ் குடிச்சவங்கள்ல நிறைய பேர் அந்தப் பழத்தைக் கண்ணால பார்த்ததே இல்ல.

விக்கறவங்க கையில இருந்த ஆயுதம் 'ஆராய்ச்சி'. 1979 கட்டுரை, அப்புறம் ஜப்பான்ல 2002-ல வந்த ஒண்ணு. காமா மாங்கோஸ்டின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்குதுன்னு அதுல காட்டியிருந்தாங்க. எதுல? தட்டுல வளர்த்த எலி செல்கள்ல. யோசிச்சுப் பாருங்க, ஆஸ்பிரினும் அதைத்தான் தடுக்குது, அதனாலதான் வயிறு புண்ணாகுது. ஒரே துண்டுப்பிரசுரத்துல இந்த ஆதாரத்தையும் 'அல்சருக்கு நல்லது'ங்கறதையும் பக்கத்துல பக்கத்துல போட்டா, ரெண்டுல ஒண்ணு உதைக்குதே! யாரும் கேக்கல.

2006-ல அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்தக் கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு. ஜூஸை மருந்து மாதிரி விளம்பரப்படுத்தறீங்கன்னு. 2008-ல ஒரு சிறுநீரக மருத்துவ இதழ்ல, மங்குஸ்தான் ஜூஸ் குடிச்சுவந்த ஒருத்தருக்கு ரத்தத்துல லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறினதாப் பதிவாச்சு. ஒரே ஒரு ஆள் கதைதான் அது. அதை வெச்சு ஜூஸ் விஷம்னு சொன்னா, 'எங்க மாமாவுக்குக் குணமாச்சு'ன்னு சொல்றவருக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது.

இன்னொரு தடையும் இருக்கு. மாங்கோஸ்டின் தண்ணியில சரியாகக் கரையாது. வாய் வழியாப் போனா ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம். தட்டுல இருக்கற செல்லுக்குக் கிடைச்ச அளவு, நம்ம முட்டிக்குப் போய்ச் சேர்றது கஷ்டம்.

இனி அம்மாவுக்கு

தங்கச்சி, நான் டாக்டர் இல்ல. வரலாறு படிச்சதுல இருந்து சொல்றேன், மீதியை டாக்டர்கிட்டக் கேளுங்க.

அம்மாவுக்கு இப்ப முக்கியம் ஜூஸ் குடிக்கறதா வேண்டாமாங்கறது இல்ல. அவங்களா வாங்கிப் போடற வலி மாத்திரைதான். பேர், எத்தனை நாள், வெறும் வயித்துலயா, எல்லாத்தையும் எழுதி எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டுங்க. வயித்துல கிருமி இருக்கான்னு பாக்க மூச்சுப் பரிசோதனை இருக்கு, மலப் பரிசோதனை இருக்கு. இருந்தா ரெண்டு வாரம் போல ஆன்டிபயாட்டிக் சேர்த்துக் கொடுப்பாங்க. பாதியில நிறுத்தக் கூடாது. சோமர்வெல் கத்தி எடுத்து வைத்தியம் பார்த்த நோய்க்கு இப்ப பெரும்பாலும் மாத்திரையே போதும். ஆனா மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா, ரத்த வாந்தி வந்தா, காரணமே இல்லாம எடை குறைஞ்சா, காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. ஜூஸ் குடிச்சு எரிச்சல் கொஞ்சம் அடங்கினாக்கூட, புண் ஆறிடுச்சுன்னு நினைச்சு நாள் கடத்தறதுதான் இதுல பெரிய ஆபத்து.

சித்த மருத்துவம் பாக்கணும்னா, சானடோரியம் பக்கத்துலதான். படிச்ச மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லித் தருவார். வேற என்ன மாத்திரை போடறீங்கன்னு அவர்கிட்டயும் மறைக்காம சொல்லுங்க. பாட்டில் கொண்டுவர்ற சொந்தக்காரர் அதைக் கேக்க மாட்டார்.

மத்தவங்களுக்கு மூணே கேள்வி. 'ஆராய்ச்சி இருக்கு'ன்னு யாராவது ஃபார்வர்டு பண்ணா கேளுங்க: ஆராய்ச்சி யார்கிட்ட நடந்தது, செல்லா, எலியா, மனுஷனா? சோதிச்சது பழத்தையா, சாற்றையா, அதுல இருந்து பிரிச்ச ஒரே ஒரு பொருளையா? அதே கட்டுரையில வேற என்ன எழுதியிருக்கு?

மூணாவது கேள்விதான் எனக்குப் பிடிச்சது. 1979-ல அந்த மூணு பேரும் பதிலை எழுதித்தான் வெச்சிருந்தாங்க. வலி குறையல, காய்ச்சல் குறையல, எலி மந்தமாச்சு, அல்சருக்கு மாங்கோஸ்டின் மட்டும். அதைக் கடைசி வரி வரைக்கும் படிக்க நேரம் ஒதுக்கினாலே போதும்.

மங்குஸ்தான் பழத்தை வேண்டாம்னு சொல்லல. சீசன்ல குற்றாலம் போனா வாங்கிச் சாப்பிடுங்க, சுளை அவ்வளவு ருசி. சட்டையில மட்டும் தோல் சாறு பட்டுடாமப் பாத்துக்கங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.